வாப்பா விட்டுச்சென்ற வீடு



ஒரு வீட்டின் வரலாற்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

மக்காவை நோக்கிய ஒரு பயணத்தில் உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள், மக்காவில் தாங்கள் எங்கே தங்கப் போகிறீர்கள், தங்கள் வீட்டிலா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அகீல் நமக்கு வீடு எதையாவது விட்டு வைத்திருக்கிறாரா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இச்செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அபூதாலிபுக்கு ஆண்மக்கள் நால்வர்: தாலிப், அகீல், ஜஅஃபர், அலீ. தந்தை இறந்தபோது தாலிபும் அகீலும் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. எனவே அவ்விருவர் மட்டுமே அவருக்கு வாரிசானார்கள். முஸ்லிம்களாகிவிட்ட ஜஅஃபர் (ரலி), அலீ (ரலி) ஆகிய இருவருக்கும் ஒரு சாண் இடமும் வரவில்லை. தமக்கு வந்தவற்றை அகீல் பின்னாளில் விற்றுவிட்டார் என விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள்.

பாட்டனாரை இழந்த எட்டு வயதிலிருந்து நபியவர்கள் வளர்ந்தது அபூதாலிபின் பராமரிப்பில்தான். மக்கா கைக்கு வந்த பிறகு அந்த வீடுகளை மீட்டுக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இருந்தது, ஆளும் இருந்தது. ஆனாலும் அவர்கள் எதையும் மீட்கவில்லை. கைஃப் பனீ கினானா என்ற இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவருக்கு வாரிசாக மாட்டார் என்ற சட்டத்தைப் பெற இந்த ஹதீஸை உலமாக்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கோ, சட்டம் தம் சொந்தக் குடும்பத்துக்கு எதிராக நின்றபோதும் அது நிற்கட்டும் என்று விட்டுவிட்ட அந்தப் பெருந்தன்மையே முதலில் கண்ணில் படுகிறது. ஒரு திண்ணைக்காகவும் ஒரு கிணற்றுக்காகவும் முப்பது வருடம் பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிகள் நம்மிடையே எத்தனை பேர்!

இரண்டாவது வரலாறு உஹதுக் களத்தில் தொடங்குகிறது. ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் அங்கே ஷஹீதானார்கள். விட்டுச் சென்றது ஒரு மனைவியையும் இரண்டு பெண்மக்களையும். அரபு வழக்கப்படி, போருக்குப் போகாத பெண்ணுக்குச் சொத்து இல்லை. ஆகவே ஸஅதின் சகோதரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அந்த விதவைத் தாய் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபியவர்களிடம் வந்து, சொத்து இல்லாமல் இவர்களை யார் மணமுடிப்பார்கள் என்று முறையிட்டார்கள். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று நபியவர்கள் கூறினார்கள். வாரிசுரிமை வசனம் (அல்குர்ஆன் 4:11) இறங்கியது. உடனே அந்தச் சகோதரரை அழைத்து, இரு பெண்மக்களுக்கும் மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது உமக்கு என்று பிரித்துக் கொடுக்கச் செய்தார்கள். திர்மிதீ, அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது உள்ளது. ஒரு தாய் வீட்டு வாசலை விட்டிறங்கிப் போய்க் கேட்ட கேள்வியால் உலகத்துக்குக் கிடைத்த சட்டம் இது.

சகோதரர்களே! அந்தச் சட்டம் நம் தாமிரபரணிக் கரை வீடுகளின் வாசல் வரை எப்படி வந்தது, வந்த பிறகு நாம் அதை என்ன செய்தோம் என்பதே இன்றைய பேச்சு.

தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்தை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். அரபு நாட்டிலிருந்து குதிரைகள் வந்திறங்கிய துறை அது. ஆற்று வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால் பழைய காயல் உள்நாட்டு ஊராகிப் போனது. காயல்பட்டினம் உள்ளிட்ட இக்கரையோர ஊர்களில் அரபு வணிகத் தொடர்போடு ஷாஃபிஈ மத்ஹபும் வேரூன்றியது. உள்நாட்டுப் பகுதிகளிலோ ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. வாழ்க்கை முறையும் ஊருக்கு ஊர் வேறு. மேலப்பாளையத்தில் வீடு என்றால் தறிக்குழியும் சேர்த்துத்தான். பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையை வகிர்ந்து பெண்கள் பாய் முடைந்தது வீட்டுக்குள்ளே. பிற்காலத்தில் பீடி சுற்றும் தட்டும் அதே தாழ்வாரத்தில் வந்து அமர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாப்பா கட்டிய வீடு என்று நாம் சொல்கிறோமே, அந்தச் செங்கல்லில் எத்தனை கல் உம்மாவும் அக்காமார்களும் உழைத்துச் சேர்த்தது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் வந்தபோது, முஸ்லிம்களின் வாரிசுரிமை வழக்கு இஸ்லாமியச் சட்டப்படி தீர்க்கப்படும் என்றார்கள். ஆனால் 1873-ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றங்கள் சட்டம் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசலையும் திறந்து வைத்தது. சட்ட வலிமை பெற்ற வழக்கம் ஏதேனும் இருந்தால் அந்த வழக்கமும் செல்லும் என்பதே அது. பெண்ணுக்குப் பங்கில்லை என்பதுதான் எங்கள் வழக்கம் என்று இந்தியாவின் பல பகுதிகளில் ஆண்கள் நீதிமன்றத்தில் நின்று சொன்னார்கள். தொழுகைக்கு குர்ஆன், சொத்துக்கு ஊர் வழக்கம்!

இதை மாற்ற 1935-இல் மத்தியச் சட்டசபையில் பஞ்சாபைச் சேர்ந்த ஹாஃபிஸ் முஹம்மது அப்துல்லாஹ் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பெண்களின் உரிமையைப் பறிக்கும் வழக்கங்களை முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்ததையும், ஜம்இய்யத்துல் உலமாவின் ஆதரவையும் அந்த மசோதாவின் நோக்க உரையே எடுத்துச் சொல்கிறது. 1937 அக்டோபரில் அது ஷரீஅத் சட்டமாக நிறைவேறியது. வீட்டில் சகோதரிக்கு உள்ள பங்கை இனி ‘வழக்கம்’ என்ற பெயரால் மறுக்க வழியில்லாமல் போனது. விவசாய நிலம் மட்டும் அப்போது விலக்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி அது மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் தன் திருத்தச் சட்டத்தின் மூலம் அந்த விலக்கையும் நீக்கியது. ஆற்றுப் பாசன நஞ்சையை நம்பி வாழ்ந்த நம் பகுதிக்கு இது சிறிய மாற்றமல்ல.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நம் ஊர்க்காரர் ஒருவரின் குரல் டில்லியில் ஒலித்தது. திருநெல்வேலிப் பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள், 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்தார்கள். பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு அன்று விவாதத்துக்கு வந்தது. தனக்கெனத் தனிச்சட்டம் உடைய எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற திருத்தத்தை அவர்கள் முன்மொழிந்தார்கள். மலபாரின் போக்கர் சாஹிப் உள்ளிட்டோர் துணை நின்றார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. அப்பிரிவு இன்று 44-ஆவது பிரிவாக இருக்கிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டமும் தொடர்கிறது.

அந்த விவாதத்தில் டாக்டர் அம்பேத்கர் கூறிய பதிலை நம் மேடைகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் 1935 வரை வாரிசுரிமைக்கு ஷரீஅத் நடைமுறையில் இல்லை. 1937 வரை ஐக்கிய மாகாணம், மத்திய மாகாணம், பம்பாய் முதலிய பகுதிகளிலும் முஸ்லிம்கள் பெருமளவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையே பின்பற்றினர். வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களுக்கும் பொருந்தியது என்று அவர் அடுக்கினார். அவருடைய முடிவை நாம் ஏற்காமல் இருக்கலாம். அவர் சொன்ன செய்தியை மறுக்க இயலாது. நமக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களிடம், அதை நீங்கள் எங்கே கடைப்பிடித்தீர்கள் என்று கேட்கப்பட்ட கேள்வி அது.

அந்தக் கேள்வி இன்று நம் முற்றத்தில் நிற்கிறது. வாப்பா மவ்த்தாகி நாற்பது நாள் கூட ஆகியிருக்காது. காக்கா ஒரு பத்திரத்தை எடுத்து வருவார். உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே, இதில் ஒரு கையெழுத்துப் போடு என்பார். தங்கை போட்டுவிடுவாள். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமே என்ற பயத்தில் போடுவாள். அதற்கு நாம் சூட்டும் பெயர் ‘மனம் உவந்து விட்டுக்கொடுத்தல்’.

இன்னும் சிலர் வாப்பா உயிரோடு இருக்கும்போதே, மகளின் திருமணத்தின்போதே, இனி எனக்குப் பங்கு வேண்டாம் என எழுதி வாங்கிவிடுகிறார்கள். மார்க்கத்தில் இதற்கு மதிப்பில்லை. தந்தை வாழும் வரை மகளுக்கு அதில் உரிமையே பிறக்கவில்லை. பிறக்காத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது? சென்னை உயர்நீதிமன்றமும் 1918-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான ஒரு தீர்ப்பில் இதே கருத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு எச்சரிக்கை. கேரளத்தின் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த ராவுத்தர் குடும்பம் ஒன்றில் தந்தை 1986-இல் இறந்தார். மூன்று ஆண், மூன்று பெண் மக்கள். சொத்து 1 ஏக்கர் 70 சென்ட். உடன்பிறந்தோர், தந்தை வாழும்போதே பணம் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டு எழுதிக் கொடுத்தார்கள் என்றார் தந்தையோடு இருந்த மகன். வழக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்கூட்டி விட்டுக்கொடுப்பது பொதுவாகச் செல்லாது. எனினும் உரிய தொகையை வாங்கிக்கொண்டவர் பின்னால் வந்து பங்கு கேட்க முடியாது என்று தீர்ப்பானது. ஆகவே சகோதரிகளே, எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்பதை வாசித்துவிட்டு இடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் ஊர் ஆலிமிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தந்தை இறந்த பின் ஒரு வாரிசு தன் பங்குக்குப் பதிலாக ஒரு தொகை பெற்று ஒதுங்கிக்கொள்வதை ஃபிக்ஹ் நூல்கள் ‘தகாருஜ்’ என்று அனுமதிக்கின்றன. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மனைவியருள் ஒருவரான துமாழிர் (ரலி) அவர்கள் தம் பங்குக்கு ஈடாகப் பெருந்தொகை பெற்று ஒதுங்கிய செய்தியை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். பங்கு எவ்வளவு என்று முதலில் தெரியட்டும். தொகை கைக்கு வரட்டும். அதன் பிறகு அவள் அதைத் தம்பிக்கே திருப்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பு.

பங்கு எவ்வளவு? எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் இறக்கிறார். மனைவி, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் இருக்கிறார்கள். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டின் மதிப்பு 56 இலட்சம் என வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 7 இலட்சம். மீதி 49 இலட்சத்தை ஏழு பாகமாக்கி, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. பின்னர் அந்தத் தாயும் மவ்த்தானால் அவருடைய 7 இலட்சமும் அதே முறையில் பிரியும். அவருக்கு வேறு வாரிசுகள் இல்லாதபோது மகனுக்கு 16, மகளுக்கு 8 என்று முடியும். இந்தக் கணக்குக்கு ஒரு மாலைப்பொழுது போதும். நாம் முப்பது ஆண்டு தள்ளிப்போடுகிறோம். அதற்குள் ஒரு மகன் இறந்து, அவர் பங்கு அவருடைய மனைவி, மக்கள், உயிரோடிருக்கும் தாய் என்று உடையும். ஒரு மகள் இறந்து, அவள் பங்கில் மருமகனும் வாரிசாக வந்து அமர்வார். ஐந்து பேர் பேசி முடித்திருக்க வேண்டியதை முப்பது பேர் பேசுவார்கள்; அவர்களில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் போனால் பூட்டிய வீடுகளைக் காணலாம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போன தலைமுறைகள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் அவற்றில் பல. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பு 1941-லேயே தோன்றும் அளவுக்கு அந்த ஊரார் அங்கே இருந்தார்கள். பிறகு வளைகுடா வந்தது. இங்கேதான் இன்னொரு வழக்கு பிறக்கிறது: வீடு வாப்பா பெயரில், பணம் நான் அனுப்பியது, ஆகவே வீடு எனக்கே என்கிறார் மூத்தவர். வாப்பாவுக்கு உதவியாக அனுப்பியிருந்தால் அது வாப்பாவின் பணமாகிவிட்டது. வீடு எல்லோருக்கும் பொது. கடனாகவோ கூட்டுமுதலாகவோ அனுப்பியிருந்தால் அதற்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்று குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் (2:282) சொல்லியிருக்க, பெற்ற தகப்பனிடம் எழுதி வாங்குவதா என்று கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையைத் தம்பி தங்கைகளிடம் வசூலிக்க வருவது நியாயமாகப் படவில்லை.

சரி, பங்கு தெரிந்துவிட்டது. வீட்டை என்ன செய்வது? இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீட்டை ஏழு கூறாகச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாது. கூடப்பிறந்தவர்களில் ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் நல்ல வழி. பிரிக்கப்படாத சொத்தில் பங்காளிக்கே வாங்கும் முன்னுரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இதற்கு ‘ஷுஃப்ஆ’ என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் இது பங்காளிக்கு மட்டும். ஹனஃபியில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. அபூராஃபிஉ (ரலி) அவர்கள் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்திலிருந்த தம் இரு அறைகளை விற்றபோது, வெளியார் ஐந்நூறு தீனார் தருவதாகச் சொல்லியிருந்தும், அண்டை வீட்டாரின் உரிமையைக் கருதி ஸஅதுக்கே நாலாயிரம் திர்ஹத்துக்கு, அதுவும் தவணைக்குக் கொடுத்தார்கள். புகாரீயில் உள்ள இந்த நிகழ்ச்சியை, தங்கையின் பங்கை அண்ணன் வாங்கும் இடத்தில் தலைகீழாக்கிவிடாதீர்கள்! குறைந்த விலைக்கு இசைந்தவர் விற்றவர்.

சென்னை உயர்நீதிமன்றம் ஷுஃப்ஆவை 1870-லேயே ஏற்க மறுத்துவிட்டது. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இல்லை. ஆயினும் கை விரித்துவிட வேண்டியதில்லை. 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் ஓரளவு அதே வேலையைச் செய்கிறது. பிரிக்க இயலாத வீட்டை விற்றுவிடலாம் என்று பாதிப் பங்கோ அதற்கு மேலோ உடையவர்கள் கேட்டால், மற்றப் பங்காளி நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அப்பங்கை வாங்கக் கோரலாம். குடும்ப வீட்டின் ஒரு பங்கை வெளியார் வாங்கிவிட்டுப் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தார் அந்தப் பங்கை விலைகொடுத்துத் திரும்பப் பெறலாம். இது இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல என்று அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1908-இல் கூறியிருக்கிறது.

காயல்பட்டினத்தின் கதை வேறு. அங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வது நெடுநாள் வழக்கம். கீழக்கரையிலும், இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடத்திலும் இதைக் காணலாம். தாயும் மகளும் சகோதரியும் ஒருவருக்கொருவர் அருகிலேயே வாழ்கிறார்கள். கணவனோடு மனஸ்தாபம் வந்தாலும் பெண் தெருவுக்கு வருவதில்லை. இந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இது வாரிசுரிமை அல்ல. வாழும்போதே கொடுக்கும் ‘ஹிபா’. வாயால் சொன்னால் போதாது. ஏற்றுக்கொண்டு, கைவசமும் ஒப்படைக்கப்பட வேண்டும். மகளுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கைவசம் ஒப்படைக்காமல் கடைசிவரை தம் வசமே வைத்திருந்து வாப்பா இறந்துவிட்டால், அந்த வீடு மகன்களுக்கும் சேர்த்துப் பொதுவாகிவிடுகிறது. ஆந்திரத்தில் ஒரு தந்தை 1968-இல் தம் மகன் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த ஹிபா, மற்ற மக்கள் தொடுத்த வழக்கால் 2011-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. பதிவு செய்யப்படாவிட்டாலும் ஹிபா செல்லும் என்றார்கள். செல்லும் என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பத்துக்கு நாற்பத்து மூன்று ஆண்டுகள்! பதிவு செய்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

மகளுக்கு வீடென்றால் மகனுக்கு என்ன என்ற கேள்வியும் உண்டு. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய தந்தை ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்து, பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி பணித்தார்கள். அவரும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தந்தைக்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். மற்ற மகன்கள் இருக்கும்போது அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. அதற்காகத்தான் மூன்றில் ஒன்றுக்குள் வஸிய்யத் என்ற வாசல் இருக்கிறது. பாட்டனார் நினைத்தால் அவர்களுக்கு எழுதி வைக்கலாம். அவர் எழுதாமல் போயிருந்தாலும், பங்கிடும் இடத்தில் உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்திருந்தால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்ற வசனம் (4:8) பங்கு வசனங்களுக்குச் சற்று முன்னாலேயே நிற்கிறது. அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அவனைத் தாண்டித்தான் நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. மய்யித்தின் அடக்கச் செலவு, அதன் பின் கடன், அதன் பின் வஸிய்யத், அதற்குப் பிறகுதான் வாரிசுகளின் பங்கு. பால்காரன், பலசரக்குக் கடை, வங்கி என்று வாப்பாவின் கடன்களை எண்ணுகிறோம். உம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் அந்தக் கடன்களில் ஒன்று என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. உம்மா உயிரோடிருந்தால் அது அவர்களுக்கு எட்டில் ஒன்றுக்கு மேலாக, தனியாகச் சேர வேண்டியது. நெஞ்சில் கைவைத்துக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தாரா என்று யாருக்குத் தெரியும்? தொகை எவ்வளவு, ரொக்கமா பாக்கியா என்பது, அவர்களுக்கு நிக்காஹ் நடந்த மஹல்லா ஜமாஅத்தின் பழைய பதிவேட்டில், இருவர் சாட்சிக் கையெழுத்தோடு எழுதியிருக்கும். இன்று ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.